மேட்டு மணலும் பள்ளத்து வெள்ளமும்

ஒஷாவா நகரின் தெற்கெல்லை ஒன்ராறியோ வாவி. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல நிலம் சிறுகச் சிறுக உயர்ந்து, றாக்லன் கிராமத்தை அண்மிக்கும்போது மணலும் பரற்கற்களும் கலந்த பெரும் மேடாகிவிடுகிறது. ஓக் றிட்ஜஸ் மேடு என்பது அதன் பெயர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற குவியல் இது. மேற்கே நயாகராச் சரிவிலிருந்து கிழக்கே ட்ரென்ட் ஆறு வரை சுமார் 160 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. பெய்யும் மழையையும் உருகும் பனியையும் இம்மணல் உறிஞ்சி, தன்னுள் தேக்கி, வடித்து, ஊற்றுக்களாக மெல்ல மெல்ல வெளிவிடுகிறது. ஒஷாவா ஓடை, பவ்மன்வில் ஓடை, கிழக்கே போர்ட் ஹோப் நகரில் வாவியைச் சேரும் கனரஸ்கா ஆறு ஆகியவற்றுக்கெல்லாம் பிறந்தகம் இம்மேடே.

இப்பிரதேசத்தில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டு விலை, பாடசாலை, கோயிலுக்கு உள்ள தூரம் ஆகியவற்றை விசாரித்தே எல்லோரும் வாங்குகின்றனர். ஓடைக்கரையில் அவ்வளவு நிலம் சும்மா கிடக்க அதில் ஏன் எவரும் வீடு கட்டவில்லை என்றும், வடகிழக்கே மேட்டிலுள்ள பைன் மரங்கள் ஏன் படைவீரர் போல் வரிசை வரிசையாக நிற்கின்றன என்றும் விசாரிப்போர் சிலரே. அவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியுள்ளது. அது ஓர் அழிவின் வரலாறு. அவ்வழிவிலிருந்து ஒரு பிரதேசம் மீண்ட வரலாறும் ஆகும்.

காடு போன விதம்

ஐரோப்பியக் குடியேறிகள் வருமுன் இந்நிலம் மிசிசாகா மக்களின் வாழ்விடம். மீன்பிடித்தும், வேட்டையாடியும், ஓடைவழியே வடக்கும் தெற்குமாகப் பயணித்தும் அவர்கள் வாழ்ந்தனர். ஒஷாவா என்னும் பெயரும் அம்மக்களின் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1923இல் செய்யப்பட்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகளால் அவர்கள் இழந்த வேட்டை, மீன்பிடி உரிமைகள் பற்றிய வழக்கு 2018இல்தான் தீர்வு கண்டது. வளத்தை யார் ஆள்வது என்ற கேள்வி இம்மண்ணில் எத்துணை பழையது என்பதை இது காட்டும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிகள் வந்தனர். வானளாவிய வெள்ளைப் பைன் மரங்கள் கப்பற் பாய்மரத்துக்கும் பலகைக்கும் வெட்டப்பட்டன. ஓடைதோறும் அணை கட்டி மரமறுக்கும் ஆலைகளும் மாவு ஆலைகளும் எழுந்தன. வெட்டிய இடத்தில் கோதுமை விதைக்கப்பட்டது. கன்னி நிலமாகையால் முதற் சில ஆண்டுகள் விளைவு கொட்டியது. அடுத்து ஐக்கிய அமெரிக்காவின் மதுபான ஆலைகளுக்கெனப் பார்லி பயிரிடப்பட்டது. 1890இல் அந்நாடு மக்கின்லி தீர்வைச் சட்டத்தைக் கொண்டுவர, அவ்வியாபாரமும் படுத்தது.

தாழ்நிலத்துக் களிமண் இவற்றைத் தாங்கிக்கொண்டது. மேட்டு மணல் தாங்கவில்லை. மரவேர் பிடித்து வைத்திருந்த மெல்லிய மேல்மண் சில தலைமுறைகளுக்குள் கரைந்து போயிற்று. அதன் கீழிருந்த மணல் காற்றில் எழும்பி வேலிகளை மூடியது, தெருக்களை மறித்தது. கமக்காரர் வீடு வாசலை விட்டுப் போயினர். காடு போனதால் நீரை மெல்ல விடும் கருணையும் மேட்டை விட்டுப் போயிற்று. இளவேனிலில் பனி உருகியதும் நீர் ஒரே மூச்சில் இறங்கிக் கீழுள்ள ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஆடியிலும் ஆவணியிலும் அதே ஆறு வற்றிக் கிடந்தது. வெள்ளமும் வரட்சியும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதை அன்று உணர்ந்தவர் வெகு சிலர்.

மீனுக்கு வைத்தியம், ஆற்றுக்கு இல்லை

அவ்வுணர்வு இல்லாதபோது என்ன நிகழும் என்பதற்கு ஒஷாவாவுக்குக் கிழக்கே நியூகாசிலில் ஓர் உதாரணம் உண்டு. ஒன்ராறியோ வாவியில் ஒரு காலத்தில் அத்திலாந்திக் சமன் மீன் அளவின்றி இருந்தது. ஆலை அணைகள் அது முட்டையிடச் செல்லும் வழியை மறித்தன. மரத்தூளும் வண்டலும் முட்டையிடும் பரற்படுக்கைகளை மூடின. மிஞ்சியதை வலைகள் அள்ளின.

சாமுவேல் வில்மட் என்பவர் 1860களில் தம் வீட்டருகே ஓடிய ஓடையில் பிடித்த மீன்களின் முட்டைகளைச் செயற்கையாகப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை ஆற்றில் விட்டார். 1868இல் கனடிய அரசு அம்முயற்சியைப் பொறுப்பேற்றது. உலகெங்கும் இருந்து அதனைப் பார்க்க வந்தனர். குஞ்சுகள் இலட்சக்கணக்கில் விடப்பட்டன. ஆயினும் 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே வாவியில் அம்மீன் இனம் அற்றுப்போயிற்று. பொரிப்பகமும் 1914இல் மூடப்பட்டது.

வில்மட்டின் திறமையில் குறை இல்லை. குஞ்சு போய் வாழ வேண்டிய ஆறு நோயுற்றிருந்தது; அதற்கு எவரும் வைத்தியம் பார்க்கவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் கண்டறியாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவது போன்றது அது. இன்று இலையுதிர்காலத்தில் பவ்மன்வில் ஓடையிலும் கனரஸ்காவிலும் எதிர்நீச்சலிட்டு ஏறும் பெருமீன்கள் பெரும்பாலும் 1960களின் இறுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பசிபிக் இனங்களின் வழித்தோன்றல்கள். அத்திலாந்திக் சமனை மீட்கும் பெருமுயற்சி 2006இல் மீண்டும் தொடங்கப்பட்டது. இம்முறை மீன் விடுவதோடு ஓடைக்கரைகளைச் சீர்செய்வதும் திட்டத்தில் இடம்பெற்றது.

முதலில் கணக்கெடுப்பு

நோயின் மூலத்தை முதலில் சுட்டியவர்களுள் ஒருவர் எட்மண்ட் ஸாவிட்ஸ். குவெல்ஃப் வேளாண்மைக் கல்லூரியில் வனவியல் கற்பித்த அவர், தென் ஒன்ராறியோவின் பாழ்நிலங்களில் மீண்டும் காடு வளர்ப்பது பற்றி 1908இல் அறிக்கை எழுதினார். அதே ஆண்டில் செயின்ட் வில்லியம்ஸ் என்னுமிடத்தில் மாகாணத்தின் மரக்கன்றுப் பண்ணை தொடங்கிற்று. 1922இல் ஒஷாவாவுக்கு அண்மையில் ஒறோனோவிலும் ஒரு பண்ணை எழுந்தது. 1996இல் மூடப்படும் வரை அங்கிருந்து சென்ற கன்றுகளே இப்பகுதியின் மொட்டை மேடுகள் பலவற்றைப் போர்த்தின.

எனினும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் நடுவதால் ஓர் ஆறு பிழைத்துவிடாது. 1941இல் குவெல்ஃபில் வனவியலாளர், வேளாண் அறிஞர், இயற்கை ஆர்வலர் ஆகியோர் ஒன்றுகூடினர். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். போர் முடிந்து வரும் வீரருக்கு வேலை வேண்டும். பாழ்பட்ட நிலத்துக்கு உழைப்பு வேண்டும். இரண்டையும் இணைக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வேலையைத் தொடங்குமுன் ஓர் ஆற்றையேனும் தலை முதல் கால் வரை பரிசோதிக்க வேண்டும் என்றனர். அதற்குத் தெரிவானது கனரஸ்கா. அதன் நீரேந்து பகுதி நூறு சதுர மைலுக்குச் சற்றே கூடியது. ஒரு குழு நடந்து அளந்துவிடக்கூடிய அளவு.

1942இல் மத்திய அரசும் மாகாண அரசும் கூடி அவ்வேலையைச் செய்தன. ஏ. எச். றிச்சர்ட்சன் என்னும் வனவியலாளர் தலைமை தாங்கினார். மண், மரம், நீரோட்டம், பூச்சி, மீன், பழைய ஆலைகள், கைவிடப்பட்ட கமங்கள், அங்கு வாழ்ந்த மக்களின் பொருளாதாரம் ஆகிய அனைத்தும் பதிவாயின. 1944இல் அறிக்கை வெளிவந்தது. அதன் சாரம் எளியது: ஆற்றின் தலையில் உள்ள மணல் நிலம் உழவுக்கு ஆகாது, அதனைப் பொதுச் சொத்தாக வாங்கிக் காடாக்க வேண்டும், எஞ்சிய நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், நீரைத் தேக்க வேண்டிய இடத்தில் தேக்க வேண்டும்.

1946இல் ஒன்ராறியோ சட்டமன்றம் இயற்கைவளப் பாதுகாப்புச் சபைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் அடிப்படைகள் மூன்று. முதலாவது, சபை வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள் அவ்வூர் நகராட்சிகளே, மேலிருந்து திணிப்பதில்லை. இரண்டாவது, செலவில் மாகாணமும் ஊரும் பங்கு போட வேண்டும். மூன்றாவது, சபையின் எல்லை அரசியல் எல்லையன்று. நீர் எங்கிருந்து எங்கு வடிகிறதோ அதுவே எல்லை. மேட்டில் இருப்பவன் மரத்தை வெட்டப் பள்ளத்தில் இருப்பவன் மூழ்கும் நிலையில், இருவரும் ஒரே மேசையில் அமர வேண்டும் என்பதே இதன் கருத்து.

கனரஸ்கா சபை அதே ஆண்டில் அமைந்தது. பாழ்நிலம் துண்டு துண்டாக வாங்கப்பட்டு, செம்பைன் கன்றுகள் வரிசையாக நடப்பட்டன. செம்பைன் மணலிலும் வேர்விடும். மணலைப் பிடித்து நிறுத்தும். அதன் நிழலில் மேப்பிளும் ஓக்கும் தாமே முளைக்கும். முதலில் வந்த பைனை ஒரு தலைமுறைக்குப்பின் இடைவிட்டு வெட்டினால் மர வருமானமும் கிடைக்கும், கீழுள்ள இளமரங்களுக்கு வெளிச்சமும் கிடைக்கும். இன்று கனரஸ்காக் காடு சுமார் 11,000 ஏக்கர். மணற்புயல் வீசிய இடம் அது என்று சொன்னால் இன்று அங்கு நடப்பவர் நம்பமாட்டார்.

காடு எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று கொள்ளலாகாது. 1980 மார்ச் 21ஆந் திகதி கனரஸ்கா பெருகிப் போர்ட் ஹோப் நகரின் மையத்தையே அழித்தது. அதன்பின் ஆற்றின் படுகை அகலப்படுத்தப்பட்டது. நிலம் உறைந்திருக்கையில் பெருமழை பொழிந்தால் மேட்டு மணலும் நீரை ஏற்காது. வைத்தியம் ஒன்றோடு முடிவதில்லை. தொடர்ந்து கவனித்தே வரவேண்டும்.

ஹேசல் புயலின் பாடம்

மற்றைய ஊர்கள் இப்பாடத்தைக் கற்க ஒரு பேரிழப்பு வேண்டியிருந்தது. 1954 ஒக்ரோபர் 15ஆந் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியது. ஏற்கெனவே நனைந்திருந்த நிலத்தில் பெருமழை கொட்ட, ஹம்பர் ஆறு கரை கடந்தது. றேமோர் டிரைவ் என்னும் ஒரு தெருவில் மட்டும் 35 பேர் வீடுகளோடு அடித்துச் செல்லப்பட்டனர். ஒன்ராறியோவில் மாண்டவர் 81 பேர். ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வீடு கட்ட அனுமதித்ததே இவ்வளவுக்கும் காரணம். அத்தெருவின் பெரும்பகுதி பின்னர் பூங்காவாக்கப்பட்டது.

அதற்குப்பின் பள்ளத்தாக்கு நிலங்களைப் பொதுமக்களுக்காக வாங்கி, அங்கே வீடு கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் சபைகளுக்குக் கிடைத்தது. 1958இல் மத்திய ஒன்ராறியோ வாவிப் பாதுகாப்புச் சபை ஒஷாவாப் பகுதிக்கென அமைந்தது. ஓடைக்கரையில் நிலம் சும்மா கிடக்கும் காரணம் இதுவே. அது வீணாகக் கிடக்கும் நிலமன்று. வெள்ளத்துக்கென ஒதுக்கி வைத்த நிலம்.

ஒஷாவாவிலே மற்றொரு போராட்டமும் நடந்தது. ஹார்மனி, பெயர்வெல் ஓடைகள் வாவியைச் சேருமிடத்தில் உள்ள இரண்டாம் சதுப்புநிலத்தைத் துறைமுகமாக்கும் யோசனை 1970களில் பேசப்பட்டது. சதுப்புநிலம் நீரை வடிகட்டும் சிறுநீரகம் போன்றது; பறவைக்கும் மீனுக்கும் அது தொட்டில். நகரவாசிகள் சங்கம் அமைத்து எதிர்த்தனர். நிலம் தப்பியது. பின்னர் அதன் அருகில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் கனடியத் தலைமையகம் எழுந்தபோது, அதன் பக்கத்திலேயே மக்லாக்லின் குடா வனவிலங்கு ஒதுக்கிடமும் உருவாயிற்று. மோட்டார் நகரம் என்று பெயரெடுத்த ஊரில் இது நடந்தது கவனிக்கத்தக்கது.

உத்திரமேரூரும் யாழ்ப்பாணமும்

நீரால் கட்டுண்ட ஊரார் ஒன்றுகூடி, விதி வகுத்து, செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தத்துவம் தமிழர்க்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், பொறிக்கப்பட்ட சாசனங்கள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு தெரிவானவர்களைக் கொண்டு அமைந்த வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம், உறுப்பினர் அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தில் பெயரிடவும் தகுதியற்றோர்.

இதனை இன்றைய மக்களாட்சியோடு ஒப்பிடுவது பொருந்தாது. நிலமும் கல்வியும் உடைய அந்தணர் ஊர் அது. பெண்களுக்கும் உழுத குடிகளுக்கும் அங்கே குரல் இல்லை. எனினும் நீரைக் காப்பதற்கென்று தனிக் குழு, குறித்த காலம், கட்டாயக் கணக்கு ஆகிய மூன்றையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்தது பெரிய செயலே. சோழர் காலத்துச் சாசனங்கள் ஏரி ஆயம் என்ற வரியையும், ஏரிப்பட்டி என்று பராமரிப்புக்காக விட்ட நிலத்தையும் பேசுகின்றன. வண்டல் அள்ளும் செலவுக்கு முதலீடு முன்பே இருந்தது என்பது இதனால் விளங்கும்.

பின்னாளில் குடிமராமத்து என்ற பெயரில் அம்மரபு தொடர்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஊரின் வருமானம் அரசின் வருமானமாயிற்று. ஏரி அரசின் ஏரியாயிற்று. ஊரார் கை விட்டனர். 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியும் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. மனம் உவந்து செய்ததைச் சட்டம் போட்டு வாங்க முடியவில்லை. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரி குளங்களில் பல தூர்ந்தன, பல வீட்டு மனைகளாயின. அதன் பலனைச் சென்னை கண்டது. 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதற்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. கனரஸ்கா காட்டிய அதே இரு அறிகுறிகள். 2017இல் தமிழ்நாட்டு அரசு குடிமராமத்தை அப்பெயரிலேயே மீண்டும் தொடங்க வேண்டி வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை வேறு. அங்கே வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் துவாரங்களில் மழைநீர் தங்கி, கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. கிணறுகளில் ஊறுவது அதுவே. காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டன. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தனர். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பின் களைப்பே ஒரு வரம்பாக இருந்தது. இயந்திரப் பம்பு வந்தபின் அவ்வரம்பு போயிற்று. அளவுக்கு மீறி இறைத்த கிணறுகள் உவர்த்தன. இரசாயன உரமும் மலக்குழிகளும் நைத்திரேற்றை நிலத்தடிக்கு அனுப்பின. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அது உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

காவல் தளரும்போது

ஒன்ராறியோவின் சபைகளும் அசைக்க முடியாதவை அல்ல. 1990களின் நடுப்பகுதியில் மாகாண அரசின் நிதிப் பங்கு வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஒருபுறம், ஓக் றிட்ஜஸ் மேட்டைக் காக்க 2001இல் தனிச் சட்டமும், 2005இல் பசுமை வலயச் சட்டமும் வந்தன. மறுபுறம், 2022இல் வீடமைப்பை விரைவுபடுத்தும் சட்டம், கட்டட விண்ணப்பங்களில் சபைகள் கருத்துரைக்கும் அதிகாரத்தைச் சுருக்கியது. அதே ஆண்டில் பசுமை வலயத்திலிருந்து ஏறத்தாழ 7,400 ஏக்கர் நீக்கப்பட்டது. ஒஷாவாவுக்கு அயலில் உள்ள பிக்கறிங்கின் டஃபின்ஸ் றூஜ் விளைநிலமும் அதில் அடங்கும். மக்கள் எதிர்ப்பினால் 2023இல் அந்நிலங்கள் யாவும் திருப்பிச் சேர்க்கப்பட்டன. 2025இன் பிற்பகுதியில், அப்போதிருந்த 36 சபைகளையும் சில பெரிய பிராந்தியச் சபைகளாக இணைக்கும் எண்ணத்தை அரசு அறிவித்தது.

வீடு தேவை என்பதை மறுப்பார் இல்லை. புதிதாக வருவோருக்கே அது அதிகம் தேவை. ஆகவே இக்கேள்வியில் தமிழருக்கும் பங்கு உண்டு. மலிவாக வாங்கிய வீட்டின் நிலவறைக்குள் ஒரு மழையில் நீர் புகுந்தால், மிச்சம் பிடித்த பணம் அன்றே போய்விடும். இணைப்பு நல்லதா தீயதா என்பதைப் பெயரையோ சபைகளின் எண்ணிக்கையையோ கொண்டு அளக்க இயலாது. 1946இன் மூன்று அடிப்படைகளைக் கொண்டே அளக்க வேண்டும்: ஊராரின் சொல் எடுபடுகிறதா, செலவு நியாயமாகப் பங்கிடப்படுகிறதா, எல்லை நீரின் எல்லையாக நிற்கிறதா? அவற்றோடு உத்திரமேரூர் சேர்க்கும் நான்காவது கேள்வி ஒன்று உண்டு: கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறது?

எந்தப் பெயரில் இயங்கினும் இச்சபைகளின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வரவு செலவுத் திட்டமும் வெள்ளச் சமவெளி வரைபடங்களும் கேட்டால் கிடைப்பவை. வீடு வாங்கவிருக்கும் குடும்பம் அவ்வரைபடத்தைப் பார்த்தபின் கையெழுத்திடுவது நன்று. மார்ச் மாதத்தில் வடக்கு ஒஷாவாவின் பேர்ப்பிள் வூட்ஸ் காட்டில் மேப்பிள் பாகு காய்ச்சும் விழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், அவர்கள் நிற்பது ஓக் றிட்ஜஸ் மேட்டின் மேல் என்றும், அங்கே உருகும் பனியின் ஒரு பகுதி மணலில் இறங்கி, வடிந்து, தங்கள் வீட்டருகே ஓடும் ஓடையில் என்றோ ஒருநாள் வந்து சேரும் என்றும் சொல்லிக் கொடுக்கலாம். மேட்டைப் பற்றித் தெரிந்து வளரும் பிள்ளை பள்ளத்தில் வீடு கட்டாது. பிறர் கட்டவும் விடாது.